ஏழாம் கட்டில்காரரின் கால்

பத்தொன்பது நாட்கள் நான்தான் அந்தக் காலுக்குக் கட்டு மாற்றினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, போர் மருத்துவமனையில் தொண்டு செய்ய இந்த நாட்டுக்குக் கப்பலேறியதே நானாகத்தான். ஊரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் நான் போகாவிட்டாலும் அங்கே யாருக்கும் தெரியாது.

ஏழாம் கட்டில்காரர் போருக்கு முன் தச்சர். முழங்காலுக்குக் கீழே குண்டுச் சிதறல் காயம். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"சிஸ்டர், உங்க முடிச்சு என் ஆணியைவிட கெட்டி. பேசாம என் பட்டறைக்கு வந்துடுங்க. சம்பளம் மட்டும் கேக்காதீங்க."

"காலை ஆட்டாம படுங்கண்ணா."

வேறு எந்த நோயாளியையும் நான் அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

எட்டாம் நாள் புண்ணின் ஓரங்கள் இளஞ்சிவப்பாகின. டாக்டர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பத்து நாள்ல போர்முனைக்குத் திரும்பிடலாம்" என்றார். தச்சர் அன்று முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். அப்படித் திரும்பிப் போன மூன்று பேரிடமிருந்து அதுவரை ஒரு கடிதமும் வந்திருக்கவில்லை.

அன்று மாலை புதுத் துணியை ஒதுக்கிவிட்டு, அழுக்குக் கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கட்டினேன். அறிவியல் படித்தவள், அதில் என்ன வளரும் என்று தெரியும். ஆறாத காலைப் போர்முனைக்கு அனுப்ப மாட்டார்கள். ஓர் உயிருக்குக் கொஞ்சம் காய்ச்சல் பெரிய விலையில்லை. குறிப்பேட்டில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று தினமும் எழுதினேன்.

வார்டில் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நோயாளிகள் குறைந்தால் என்னைப் போன்ற தொண்டர்களைத்தான் முதலில் ஊருக்கு அனுப்புவார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பதினேழாம் நாள் கால் கறுத்தது. எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது விஷம் உடம்பெல்லாம் ஏறியிருந்தது. பத்தொன்பதாம் நாள் காலை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர் ஒருத்தங்க கூடப்பொறந்தவங்க மாதிரி பாத்துக்கிட்டாங்கன்னு என் சம்சாரத்துக்கு எழுதுங்க."

எழுதிவிட்டேன். மதியத்துக்குள் அவர் போய்விட்டார்.

போர்முனையிலிருந்து அவரைக் காப்பாற்றவே இதைச் செய்தேன் என்று உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேதியைக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். பதினோராம் நாள் காலையிலேயே போர் முடிந்துவிட்டது. வானொலிச் செய்தியை வார்டில் எல்லோரும் கேட்டோம். "இனி நேரா வீட்டுக்குத்தான் சிஸ்டர்" என்று அவர் சிரித்தார்.

அதற்குப் பிறகும் எட்டு நாள் அப்படியே கட்டினேன்.