உதடு மரத்ததை நான் சொல்லவில்லை

18.8.1973 சனிக்கிழமை, காலை 11 மணி. அரசு மருத்துவமனை, ஆண்கள் வார்டு, 14-ஆம் எண் கட்டில்.

என் பெயர் கஸ்பார். தகப்பனார் சிலுவைமுத்து, காலஞ்சென்றவர். எனக்கு வயது 43. ராயபுரம் பனைமரத்தொட்டியில் பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு ஸ்டோர் வீட்டின் கடைசி அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். என் மனைவி வியாகுலம்மாள் 1969-இல் இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்போது வேலை இல்லை. வார்டு ஊழியர் ஹபீபுல்லா மீது என் தம்பி இன்னாசி கொடுத்த புகார் சம்பந்தமாகச் சப்-இன்ஸ்பெக்டர் விசாரிக்க, நான் சுயநினைவோடு சொல்வதாவது:

சென்ற வருடம் மார்ச் மாதம் கப்பலிலிருந்து இரும்பு இறக்கும்போது கம்பி வடம் அறுந்து என் வலது தோளுக்குக் கீழே அடித்தது. இரண்டு மாதத்தில் காயம் ஆறிவிட்டது. அதன் பிறகுதான் எரிச்சல் தொடங்கியது. உள்ளே நரம்பு சிதைந்துவிட்டதாகச் சொன்னார்கள். சட்டை உரசினாலும், மின்விசிறிக் காற்று பட்டாலும் கையில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றியதுபோல் இருக்கும். பார்க்க வந்த தோஸ்துகள் "கை பாக்க நல்லாத்தானே கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், பிறகு வரவில்லை. நான் பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டேன். கோயிலில் யாரும் இடிக்காதபடி வாசலுக்கு வெளியே நின்று பூசை பார்த்தேன். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் தம்பி வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் அன்று போனபோது, அவனுடைய ஐந்து வயது மகள் ஓடிவந்து என் வலது கையைப் பிடித்துத் தொங்கினாள். நான் அவளை உதறித் தள்ளிவிட்டேன். குழந்தைக்கு நெற்றியில் மூன்று தையல் போட்டார்கள். அதன் பிறகு நான் அங்கே போகவில்லை, அவர்களும் வரவில்லை.

இந்த வருடம் மே மாதம் டாக்டர் குமாரவேல் என்னைப் பரிசோதித்தார். பல் பிடுங்கும்போது ஈறில் போட்டு மரக்கவைக்கும் அதே மருந்தை, மிகக் கொஞ்சமாகக் குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து, இடது கை ரத்தக்குழாய் வழியாக ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்க்கலாம் என்றார். மருந்து அதிகமானால் முதலில் உதடு மரக்கும், காதில் இரையும், நாக்குத் தடிக்கும், அப்போதே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் வலிப்பு வரும் என்று இரண்டு முறை எச்சரித்தார். பேச்சுக் குழறுகிறதா என்று தெரிய வேண்டியதால் என்னோடு யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பது நர்ஸம்மா பொறுப்பு, பேச்சுக் கொடுப்பது ஹபீபுல்லா பாய் பொறுப்பு என்று ஏற்பாடு ஆயிற்று.

5.6.1973 செவ்வாய்க்கிழமை முதல் முறை ஏற்றினார்கள். இருபது நிமிடத்தில் எரிச்சல் அடங்கியது. நானே என் வலது கையைத் தடவிப் பார்த்தேன். அழுதேன். பாய் ஸ்டூலை அருகில் இழுத்துப் போட்டு, "அய்வாத நைனா, பேசிக்கினே இரு. காலீல இன்னா துன்னே?" என்று கேட்டார். அன்று நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சுறாப்புட்டு என்று சொன்னேன். யார் செய்தது, பூண்டு எவ்வளவு போட்டது என்றெல்லாம் கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன்.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனேன். எரிச்சல் மூன்றாம் நாள் திரும்பிவிடும். ஆனாலும் அடுத்த முறை பாயிடம் சொல்வதற்கென்று பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். நான்காம், ஐந்தாம் முறைகளில் பாதியிலேயே உதடு மரத்தது. உடனே சொன்னேன். நர்ஸம்மா சொட்டை நிறுத்தினார். பாய் ஸ்டூலை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

14.8.1973 செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆறாம் முறை ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் உதடு மரத்தது, வாயில் இரும்பு நக்கிய ருசி வந்தது. பாய், "ஒதடு மரத்துக்கீதா?" என்று கேட்டார். "இல்ல பாய்" என்றேன். காது இரைந்தது. அதையும் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். நாக்குத் தடிப்பது தெரிந்துவிடும் என்று பயந்து, "நீ சொல்லு பாய், உன் பொண்ணு கல்யாணத்தப் பத்தி" என்றேன். கல்யாண விஷயம் அவர் நர்ஸம்மாவிடம் சொன்னபோது என் காதில் விழுந்திருந்தது. அவர், "இன்னா சொல்றது, மாப்ள எண்ணூர்ல" என்று ஆரம்பித்தார். அவர் தன்னைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நடுவில் நிறுத்தி, "நீயும் பேசுப்பா" என்றார். நான் "உம்" என்றேன். இடது கை விரல்கள் துடித்தன. அதன் பிறகு எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் கண் விழித்தேன். நாக்குக் கடிபட்டிருந்தது. வலிப்பு வந்ததும் பாய் பாட்டில் குழாயை அடைத்து, என்னைப் பக்கவாட்டில் புரட்டிப் பிடித்துக்கொண்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டார் என்றும், அதனால்தான் பிழைத்தேன் என்றும் டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்த் தம்பி வந்தான். ஊழியர் நோயாளியைக் கவனிக்காமல் சொந்தக் கதை பேசிக்கொண்டிருந்தார் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதைக் கேட்டுப் புகார் எழுதிக் கொடுத்தான். பாயை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் கதை பேசியது நான் கேட்டதால்தான். கேட்கவேண்டியதை எல்லாம் அவர் கேட்டார். பொய் சொன்னது நான்.

ஏன் மறைத்தாய் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, வலி தாங்காமல் என்று முதலில் சொன்னேன். அதை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்போது வலி இல்லை. உதடு மரத்தது என்று சொன்னால் பாய் எழுந்து போய்விடுவார். அதனால் சொல்லவில்லை.

இனி இந்த மருந்தை எனக்கு ஏற்றுவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எரிச்சல் திரும்பிவிட்டது. தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இதை அவன் எதிரில் வாசிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்தோ பயமுறுத்தியோ சொல்லவில்லை. கையெழுத்துப் போடத் தெரியும், வலது கையில் பேனா பிடிக்க முடியாததால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(ரேகை) கஸ்பார்

குறிப்பு: வாசித்துக் காட்டும்போது மனுதாரர் இன்னாசி உடனிருந்தார். புகாரைத் தொடர விருப்பமில்லை என்று தனியே எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டுப் போனார்.