ஆடி மாசம் ஜெயிச்ச மண்டபம்

கைதட்டுறதக் கொஞ்சம் நிறுத்துங்க... நிறுத்துங்கய்யா! போன மாசம் ஒரு நாள் முழுக்க நம்ம ஊரு காத்தாடி கரண்ட்டுலயும் வெயில் கரண்ட்டுலயும் மட்டுமே ஓடுச்சுன்னு இப்ப மேடையில சொன்னாங்க. சந்தோஷம். அதச் செஞ்சவங்களுக்கு மாலை போடுறதுக்கு முன்னாடி, என் கூட ஒரு கல்யாணத்துக்கு வந்துட்டுப் போயிடுங்க. சின்னக் கதைதான்.

தெய்வசிகாமணின்னு ஒரு கல்யாண மண்டப ஓனர். மொட்டை மாடி பூரா சோலார் தகடு போட்டாரு, கீழ ஒரு பேட்டரி வெச்சாரு. ஒரு மாசம் ஓட்டிப் பாத்தாரு... ஜம்முனு ஓடுச்சு! மனுசனுக்குத் தலைகால் புரியல. ஜெனரேட்டர வித்தாரு. கரண்ட் கனெக்‌ஷனையும் வெட்டச் சொல்லிட்டாரு. வாசல்ல பேனர்: 'நூத்துக்கு நூறு சூரிய மண்டபம்!'

பூவலிங்கம் பேனரப் பாத்தாரு. ஒரே பொண்ணு கல்யாணம். ஆவணியில முதல் முகூர்த்தம். "அண்ணே, லைட்டு நிக்காதுல்ல?"

"என்ன மச்சான், ஒரு மாசம் ஜம்முனு ஓடுச்சு, சூரியனையே சந்தேகப்படுறீங்க?"

முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷன்ல பேட்டரியிலயே ஏசி ஓடுச்சு, சீரியல் செட்டு ஓடுச்சு. சமையக்கட்டுல கிரைண்டர் ஓடுச்சு. முகூர்த்தம் எப்போ? விடியறதுக்கு முன்னாடி! சூரியன் எந்திரிச்சானா? அவன் எங்க எந்திரிச்சான்!

"கெட்டிமேளம்... கெட்டிமேளம்!"

டப்! ...கும்மிருட்டு.

மாப்பிள்ளை பதட்டத்துல தாலியத் தோழி கழுத்துக்குக் கொண்டு போயிட்டாரு! பொண்ணு எட்டிக் கையப் புடிச்சா: "மாமா! நான் இந்தப் பக்கம் இருக்கேன்!"

நல்லவேளை. செல்போன் வெளிச்சத்துல முடிச்சு விழுந்துச்சு. பூவலிங்கம் நேரா ஓனர் சட்டையப் புடிச்சாரு. "ஒரு மாசம் ஓடுச்சுன்னியே, எந்த மாசம்யா?"

"ஆடி மாசம்..."

"ஆடியில இங்க எத்தனை கல்யாணம் நடந்துச்சு?"

ஓனர் கோவமாக் கேட்டாரு: "ஆடியில எவன்யா கல்யாணம் வெப்பான்?"

சிரிக்கிறீங்க... சிரிங்க. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். நம்ம ஊரு காத்துலயும் வெயில்லயும் ஓடுன அந்த நாள் என்ன நாளு? ஆயுத பூஜை! மில்லு மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சு, பொரி கடலை குடுத்து உக்கார வெச்சிருந்தோம்!

காத்தாடி வேண்டாம்னு சொல்ல வரல. இன்னும் நூறு வெய்யுங்க, நானே வந்து தேங்கா உடைக்கிறேன். ஆனா நூத்துக்கு நூறுன்னு எவன் சொன்னாலும், எந்த நாள்ல, எத்தனை பேரு சுவிட்சு போட்டிருந்தாங்கன்னு கேளுங்க. தேவை கம்மியா இருந்த அன்னிக்கு ஜெயிச்சதும் ஜெயிப்புதான்... ஆனா மில்லு பூரா ஓடுற அன்னிக்கு ஜெயிச்சுக் காட்டட்டும், இந்த மாலைய அன்னிக்குப் போடுவோம்.

இருட்டுல அவசரப்பட்டுப் போட்டா... கழுத்து மாறிடும்யா!