அடுத்த பிள்ளை அவள் கேட்கும்போது வரட்டும்

நேரம் முடிந்தால் அடிக்க வேண்டிய மணியை இப்போதே என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சிரிக்கும் தலைவர், எங்கள் பெரிய டாக்டரம்மா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! ஈன்று புறந்தந்த தாய்மார்களே! ஈன்ற களைப்பு ஆறுமுன்னே "அடுத்தது எப்போ?" என்ற கேள்விக்குத் தலைகுனிந்து நின்ற என் தங்கைகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

இந்தச் சுகாதார நிலையத்தில் ஊசி போடும் செவிலி நான். ஊசி பிடிக்கும் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கிறீர்கள். வலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்!

பள்ளிப் பையைத் தூக்க வேண்டிய தோளில் பிள்ளையைத் தூக்கி வந்தாள் ஒருத்தி. வயது பதினேழு. எதற்கும் பதில் வைத்திருப்பதால் நாங்கள் அவளை 'வாயாடி' என்போம். அவளைக் கேட்டுக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன். "கூட்டிச் சொல்லாதீங்க அக்கா, நானும் மேடையிலதான் இருப்பேன்" என்று எச்சரித்திருக்கிறாள்.

பிரசவத்தில் இழந்த ரத்தம் ஊறவில்லை. இடுப்பு தேறவில்லை. பாதியில் விட்ட குளிர்பெட்டி பழுதுபார்க்கும் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை மட்டும் ஆறவில்லை. அதற்குள் வீட்டில் அடுத்த பிள்ளைப் பேச்சு! ஒன்றோடு ஒன்றாக இரண்டும் வளர்ந்துவிடுமாம். யார் உடம்பில் வளரும்? யார் கனவைத் தின்று வளரும்? அவளை யாராவது கேட்டார்களா?

நாங்கள் கேட்கத்தான் நினைத்தோம். இளந்தாய்மாருக்கென்று தனி அறை திறந்தோம். கதவுக்கு ரோஜா நிறம் பூசி, 'இளம் தாய்மார் கருத்தடை ஆலோசனை, இரகசியம் காக்கப்படும்' என்று ஆளுயர எழுத்தில் பலகையும் மாட்டினோம். சிரிக்கிறீர்கள்! அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, கைதான் தட்டிக்கொண்டோம். மாதக்கணக்கில் அந்த அறைக்குள் மின்விசிறி மட்டும் சுற்றியது. ஏன் வரவில்லை என்று வாயாடியைக் கேட்டேன்.

"அந்தக் கதவுக்குள்ள போறதும் தெருவுல தண்டோரா போடுறதும் ஒண்ணுதான் அக்கா. எங்க அத்தை வராந்தாவுலதான் உக்காந்திருக்காங்க."

பலகையைக் கழற்றினோம். ஆலோசனையைக் குழந்தைக்கு எடை பார்க்கும் அறைக்கே கொண்டுவந்தோம். ஊசி போட்ட பிள்ளையைக் கூட வந்தவர் வெளியே வைத்துக்கொள்ள வேண்டும், தாய்க்கு உள்ளே தனிப் பரிசோதனை என்று ஒழுங்கு செய்தோம். அவ்வளவுதான்! பூட்டிய வாய்கள் திறந்தன, புதைத்த பயங்கள் வெளிவந்தன. வாயாடி எல்லாவற்றையும் கேட்டு, யோசித்து, தானே விரும்பிக் கருப்பையில் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொண்டாள். வேண்டும்போது எடுத்துவிடலாம். வேன் ஓட்டும் கணவருக்கும் சம்மதம். எந்தச் சந்திலும் வண்டியைத் திருப்புவார் அவர், அம்மாவிடம் வாய்திறக்க மட்டும் வராது.

ஒருநாள் அவள் மாமியார், அந்த வராந்தா அத்தையே, எடை அறைக்குள் வந்துவிட்டார். மருமகள் இன்னும் உண்டாகவில்லையே, மருந்து கொடுங்கள் என்றார். நான் என்ன சொல்வேன்? அது அவளுடைய இரகசியம். சொல்ல எனக்கு உரிமையில்லை, பொய் சொல்ல மனமில்லை. விஷயம் தெரிந்தால் பிறந்த வீட்டுக்குத் துரத்திவிடுவாரோ, பயிற்சி கனவாகவே போய்விடுமோ என்று எனக்குப் பயம். அப்போது வாயாடி பேசினாள்.

"நான்தான் இப்ப வேணாம்னு இருக்கேன் அத்தை. இவளை நல்லா வளக்கணும். படிப்ப முடிக்கணும். அடுத்தது வேணும்னா நானே சொல்றேன்."

அத்தை யார்? நாலு பிள்ளைகளை மூச்சுவிடாமல் பெற்றவர், இரண்டைப் பறிகொடுத்தவர். அவர் சொன்னார்: "என்னை அன்னைக்கு ஒருத்தரும் கேக்கலையேம்மா."

கேட்டீர்களா தாய்மார்களே? அது கோபமில்லை. ஆண்டாண்டாய் அடைத்துக் கிடந்த அழுகை! அன்று அந்த அறையில் அழாதவள் எடைத்தட்டில் கிடந்த பேத்தி மட்டும்தான்.

வென்றோம்! இந்த ஆண்டு எங்களிடம் வந்த இளந்தாய்மாரில் ஒருத்திகூடத் தான் விரும்பாமல் மறுபடி கருவுறவில்லை. பயந்து வந்தவர்கள் பயிற்சிக்குப் போகிறார்கள், குனிந்து வந்தவர்கள் கூலியை நிமிர்ந்து வாங்குகிறார்கள். எங்கள் தடுப்பூசிக் குளிர்பெட்டி பழுதானால் இப்போது யார் வருகிறார்கள் தெரியுமா? மேடையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் இந்த வாயாடிதான்! தட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்!

அத்தையை மேடைக்கு அழைத்தோம், வரவில்லை. எங்கே என்கிறீர்களா? எடை அறை வாசலில் இருக்கிறார். இன்று ஊசி நாள். பக்கத்து வீட்டு மாமியாரும் மருமகளும் வந்திருக்கிறார்கள். மாமியார் கூடவே உள்ளே நுழையப் பார்த்தார். அத்தை மறித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் கைநீட்டிச் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் மேடையேறினேன்:

"புள்ளைய என்கிட்ட குடும்மா. உள்ள போ. உனக்கு என்ன வேணும்னு நீயே சொல்லு."

இதைவிடப் பெரிய பேச்சு என்னிடம் இல்லை. மணியடிக்காமல் காத்த தலைவருக்கும், மனம்கொடுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வாழிய நம் மகளிர்! வணக்கம்.