எங்கள் பெயர்க்காரர்

புகைப்படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதியதை அழிப்பதற்கு ரப்பரைவிட ரொட்டி நல்லது, ஐயா. ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுவில் மெத்தென்று இருக்கும் பகுதியை உருட்டித் தேய்த்தால் போதும். ரப்பரை அழுத்தினால் முன்பக்கத்தில் முகத்தின் மேல் தடம் விழும். எங்கள் படக் காப்பறையில் எல்லோருக்கும் நான்தான் இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், இன்றைய பத்திரிகையில் ஒரு மூலையில் வருத்தம் போட்டிருக்கிறார்கள். படப் பிரிவின் கவனக்குறைவால் வேறொருவர் படம் வெளியாகிவிட்டதாம். அதைப் படித்துவிட்டுத்தான் நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். பக்கம் கட்டும் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவள் பாவம், கையில் கொடுத்ததை ஒட்டினாள். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், அவளுக்காக மட்டும் நான் வரவில்லை. அந்த அறையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு படத்தைக்கூட நான் மாற்றிக் கொடுத்ததில்லை. என்னை வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். கவனக்குறைவு என்று மட்டும் சொல்லக்கூடாது.

எங்கள் அறை அச்சுக்கூடத்துக்குப் பக்கத்தில், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது அலமாரிகள் லேசாக நடுங்கும். படங்களை உறையில் போட்டு, உறைகளைக் குடும்பப் பெயர் வரிசையில் அடுக்குவோம். ஆளா, ஊரா, அணையா என்று பிரிப்பதில்லை. பெயர் ஒன்று என்றால் இடமும் ஒன்று. ஒவ்வொரு படத்தின் முதுகிலும் அது யார், என்ன என்று பென்சிலால் எழுதியிருக்கும். மேல் மாடிக்காரர்களுக்கு எல்லா முகமும் தெரிய நியாயமில்லை. முதுகில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் படத்துக்குக் கீழே அச்சடிப்பார்கள்.

என்னுடைய பெயருக்கு மட்டும் தனியாக ஓர் அலமாரி உண்டு. அவ்வளவு சாதாரணமான பெயர். பிரதமராக இருந்த ஒருவர், மேயர்கள், ஜெயிலுக்குப் போய்வந்த நிதியமைச்சர், ஒரு முறைகூடத் தேர்தலில் ஜெயிக்காத ஓர் எதிர்க்கட்சிக்காரர். அப்புறம் ஒரு பாலம், ஒரு ஏரி, கலங்கரை விளக்கம், சின்ன ரயில் நிலையம், புற்றுநோய் ஆஸ்பத்திரி. எல்லாம் எங்கள் பெயர்தான். அப்பா எனக்கு விட்டுவிட்டுப் போனது இந்தப் பெயர் ஒன்றுதான். முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் பேருந்து அந்தப் பாலத்தின் மேல் போகும்போதெல்லாம் அம்மா என் தலையைத் தட்டி, “பாரு, உங்க ஆளுங்க கட்டினது” என்பாள். கேலியாகத்தான் சொன்னாள் என்பது அவள் போன பிறகு புரிந்தது. அதற்குள் எனக்கு அது பழகிவிட்டது.

அலுவலகத்தில் எனக்கு வாரிசு என்று பட்டப்பெயர். பிரதமர் பதவி இழந்த அன்று, வாரிசு, உங்க சித்தப்பா கவுந்துட்டாராமே என்று ஆளாளுக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவர் படத்தை நேராக மாட்டிவைத்தேன். ஆமாம், வீட்டுச் சுவர் முழுக்க அந்த அலமாரியின் பிரதிகள்தான். தனியாக இருப்பது எனக்குப் பழக்கம், ஒரு தொந்தரவும் இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். பொய். ஒரு முறை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினான். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். அவன் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தான்.

அந்த மாதிரி இருந்தவனிடம்தான் அவர் வந்தார். பாலத்தில் சுங்கச் சீட்டுக் கொடுத்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துபோயிருந்தாள். பாலம் திறந்த நாளில் எங்கள் பத்திரிகை எடுத்த படத்தில், கூட்டத்தோடு கூட்டமாக அவளும் நிற்கிறாளாம். இளம் வயதில் அவளுக்கு வேறு படமே இல்லையாம். விண்ணப்பச் சீட்டில் அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன். எங்கள் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரில் உயிரோடு வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான், ஐயா. நகம் அளவு இருந்த அந்தப் பெண்ணைப் பெரிதாக்கி, புள்ளியெல்லாம் சரிசெய்து கொடுத்தேன். அவர் படத்தைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நான் பெரியப்பா என்றேன். அவர் தம்பி என்றார். என் சுவரைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நிதியமைச்சரைக் காட்டி, இவன் நமக்குச் சொந்தமா, பாலத்தில் காசு கொடுக்காமல் போன பயல் என்றார். நாலு பேர் நின்றால் மூன்று பேர் நம் பெயர்க்காரன், எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் சோறு போட முடியுமா என்றும் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. கேலி செய்யவும் ஒரு ஆள் வேண்டும் இல்லையா? அவர் கிளம்பிப் போனதும் அவர் உட்கார்ந்த நாற்காலியை நகர்த்தாமல் அப்படியே விட்டுவைப்பேன்.

எங்கள் அறையில் உறை கிடைக்க வேண்டுமென்றால் ஒருவர் ஏதாவது சாதித்திருக்க வேண்டும், அல்லது எதிலாவது மாட்டியிருக்க வேண்டும். நான் அவருக்கு ஓர் உறை போட்டேன். சட்டத்துக்கு விரோதம்தான். அலுவலகப் புகைப்படக்காரரைக் கெஞ்சி, முற்றத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். முதுகில் 'பாலத்துச் சுங்கக்காரர், பெரியப்பா' என்று எழுதி எங்கள் அலமாரியில் வைத்தேன். ஜெயிலுக்கும் போகாமல் தேர்தலிலும் நிற்காமல் எனக்கு உறையா என்று அவர் வெட்கப்பட்டார். உள்ளுக்குள் சந்தோஷம்தான். அதற்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, மகள் கூப்பிட்டுவிட்டாள் என்றார். மகள் வேறு ஊரில், மாமனார் மாமியாரோடு இருக்கிறாள். அப்பாவை இனிமேல் தனியாக விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். எதையெதை விற்பது, எதையெதை எடுத்துப்போவது என்று அவர் பேசிக்கொண்டே இருந்தார். என் காதில் எதுவும் ஏறவில்லை. இங்கேயே என்னோடு இருந்துவிடுங்கள் என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் யாரிடமும் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

“உனக்கென்ன தலையெழுத்தா தம்பி, இந்தக் கிழவனைக் கட்டி மேய்க்க?” என்று சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். “பெத்த பொண்ணு கூப்பிடறா. போகாம இருக்க முடியுமா, சொல்லு.”

முடியாதுதான் என்றேன். நியாயம் எனக்கும் தெரியும். ஆனாலும், அன்று அவர் போன பிறகு நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டேன்.

அவர் கிளம்ப வேண்டிய வாரத்தில்தான் சந்தைக் கட்டடம் விழுந்தது. நீங்களும் அங்கே இடிபாட்டில் நின்றிருப்பீர்கள். கட்டிய கான்ட்ராக்டர் தன் பெயரை உச்சியில் பெரிதாக எழுதிவைத்திருந்தான், எங்கள் பெயர்தான். எத்தனை பேர் செத்தார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆள் தலைமறைவாகிவிட்டான். கையில் கிடைத்த அவன் தம்பி மகனை ஜனங்கள் அடித்துக் காலை முறித்துப் போட்டார்கள். அந்த ஆளுக்குச் சொந்தம் என்று தெரிந்தாலே போதும், அப்படி ஒரு வெறி ஊரில் இருந்தது.

மகள் வந்து அவரை அழைத்துப்போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் செய்தி ஆசிரியர் கீழே போன் செய்தார். கான்ட்ராக்டர் படம் முதல் பக்கத்துக்கு உடனே வேண்டும். அந்த ஆள் கேமராவைக் கண்டாலே ஒதுங்குகிறவன். மேலே அவன் முகம் யாருக்கும் தெரியாது. எங்களிடம் அடிக்கல் நாட்டு விழாவில் எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு அதே இழுப்பறையிலிருந்து இன்னொரு உறையையும் எடுத்தேன். மதியம் சாப்பிட்ட ரொட்டியில் மிச்சம் இருந்தது. 'பாலத்துச் சுங்கக்காரர், பெரியப்பா' என்பதை நிதானமாக அழித்துவிட்டு, அதே இடத்தில் கான்ட்ராக்டரின் பெயரை எழுதினேன். உறையின் மேல் இருந்த குடும்பப் பெயரை மாற்றவே தேவையில்லை. கான்ட்ராக்டரின் சொந்தப் படத்தைப் பெரியப்பாவின் உறைக்குள் பத்திரமாக வைத்தேன். நான் படத்தைக் கிழிக்கிறவன் இல்லை. ஆள் அனுப்பிப் பாருங்கள், இன்னும் அங்கேதான் இருக்கும். கவனக்குறைவாக இருப்பவன் இப்படியா செய்வான்?

அவருக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் யோசித்தால் உங்களுக்கே புரியும். படம் வந்துவிட்டால் மகளின் மாமியார் வீட்டில் தயங்குவார்கள். அக்கம்பக்கத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அவர் ஒளிய ஓர் இடம் வேண்டும், அது என் வீடுதான். சில நாள் கழித்து நானே மேலே போய்த் தவறு நடந்துவிட்டது என்று சொல்லித் திருத்தம் போட வைத்திருப்பேன். அதற்குள் அவருக்கும் என் வீடு பழகியிருக்கும். கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டேன். தலைமாட்டில் அவர் மனைவியின் படத்தை மாட்டுவதற்காக நிதியமைச்சரையும் கலங்கரை விளக்கத்தையும் சமையலறைக்கு மாற்றினேன்.

பத்திரிகை போவதற்கு முன்பே போய் அவரை அழைத்து வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விடிந்ததும் போனேன். ஆனால் உடனே கதவைத் தட்டினால் கட்டிவைத்த பெட்டிகளைக் காட்டிச் சிரித்திருப்பார். முதலில் அவர் கொஞ்சம் பயப்படட்டும் என்று எதிர்ப்பக்கம் சலவைக் கடை வாசலில் நின்றேன். தெருவில் பத்திரிகை கைமாறிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவிலேயே இரண்டு வீடுகளில் சாவு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் மகளுக்குப் பழம் வாங்கப் பையோடு வெளியே வந்தார். முதலில் ஒருவன்தான் தோளைப் பிடித்தான். அவர் பாலம் இருக்கும் பக்கம் கையைக் காட்டி ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் போட்டிருக்கிறதே என்று ஒரு பெண் கத்தினாள். எங்கள் பத்திரிகை சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள். கூட்டம் சேர்ந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி விழுந்தது, அவரும் விழுந்தார். எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்துவிட்டு, தம்பி என்றார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சலவைக் கடைக்காரர் என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைத் திருப்பிப் படித்து, இவனும் அதே பெயர்தான் என்று உரக்கச் சொன்னார். இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீ இவனுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பெரியப்பா சொல்லட்டும் என்று அவரைப் பார்த்தேன். அவர் சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். படத்தை மாற்றியதைக்கூட அங்கேயே சொல்லியிருப்பேன்.

அவர் என்னைப் பார்த்தார். என்னைப் பிடித்திருந்த கைகளையும் பார்த்தார். வாயில் ரத்தம் இருந்தும் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

“இவன் யாருன்னே எனக்குத் தெரியாது. தெருவுல போறவனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு என்ன கேள்வி? எனக்கும் அவனுக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. அவனைப் போகச் சொல்லுங்க.”

கைகளை விட்டுவிட்டார்கள். நான் நடந்தேன். பின்னால் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அலுவலகத்துக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

மதியம் ஆஸ்பத்திரியில் பிணவறை வாசலில் அவருடைய மகளைப் பார்த்தேன். என் அட்டையைப் பார்த்ததும், நீங்கதானே அந்தத் தம்பி என்று கேட்டு அழுதாள். அப்பா எனக்காக அவள் வீட்டில் ஒரு கட்டில் போடச் சொல்லியிருந்தாராம். லீவு கிடைக்கும்போதெல்லாம் வருவான், அவனுக்கு வேறு யாரும் இல்லை என்றாராம்.

நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே செய்தேன். ஆனால் அவர் மகள் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. ஆறுதலுக்காக ஏதோ சொல்லியிருப்பாள். அவர் மனதில் என்ன இருந்தது என்பதை நான் நேரிலேயே கேட்டுவிட்டேன். உயிர் போகிற நேரத்தில்கூட, அத்தனை பேர் முன்னால் என்னைத் தன் ஆள் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, பாருங்கள்.