எட்டாம் பாடம்

– ஆய்வாளர் கார் போயிடுச்சா, டீச்சர்?

– கேட்டைத் தாண்டிடுச்சு மேடம். உக்காருங்க, இனி மூச்சு விடலாம்.

– ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் தன் சொந்த ரூம்லயே இவ்வளவு நேரம் நின்னது இன்னைக்குத்தான். கால் கடுக்குது.

– என்ன சொல்லிட்டுப் போனாரு?

– உங்க முறை ஜெயிச்சிடுச்சு. வயசப் பாக்காம, வாசிக்கிற அளவப் பாத்துப் பிள்ளைங்களக் குழுகுழுவா உக்கார வெச்சீங்களே... அத எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போகப் போறாராம்.

– ம்.

– என்ன ‘ம்’? அஞ்சாம் வகுப்புப் பையன் ரெண்டாம் வகுப்பு வாண்டோட உக்காரணுமான்னு பெத்தவங்க வந்து மேசையத் தட்டினப்ப, வாங்கிக் கட்டிக்கிட்டது நான்.

– அப்ப நீங்களும் அவங்க பக்கம்தானே மேடம்...

– அது அப்ப. புத்தகத்த முடிக்கிறதா, எழுத்துல இருந்து ஆரம்பிக்கிறதான்னு எவ்வளவு சண்டை போட்டோம்... இன்னைக்கு ஒவ்வொண்ணும் எட்டாம் பாடத்தக் கடகடன்னு வாசிக்கலையா?

– நம்ம லவுட்ஸ்பீக்கர், அதான் கத்திக் கத்திப் படிக்கிற பையன், பக்கத்தத் திருப்பவே இல்ல. அடுத்த பக்கத்தையும் சேத்து வாசிச்சிட்டான்.

– ...கவனிச்சீங்களா?

– நல்லவேளை, ஆய்வாளர் போன் பாத்துட்டு இருந்தாரு.

– அத விடுங்க. நீங்க எறும்புன்னு கூப்பிடுற அந்தப் பொடிப்பொண்ணுதான் சொதப்பிட்டா. விரல வெச்சுக்கிட்டு, எழுத்துக் கூட்டி, வார்த்தைக்கு வார்த்தை நின்னுக்கிட்டு... அவளக் கீழ்க் குழுவுக்கு இறக்கச் சொல்லிட்டாரு. நாளைக்கே மாத்திடுங்க.

– முடியாது மேடம்.

– என்ன, செல்லமா?

– இறக்கினா அவ மறுபடி வாயே திறக்க மாட்டா. இந்தக் குழுவுக்கு வர அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

– மத்ததுங்க எல்லாம் நம்ம மானத்தக் காப்பாத்துச்சு. இவளுக்கு மட்டும் என்ன வந்துச்சு?

– மேடம்... காலைக் கூட்டம் முடிஞ்சதும் என் பிள்ளைங்களக் கொஞ்ச நேரம் இங்க கூப்பிட்டுக்குவீங்களே, எதுக்கு?

– எதுக்கோ...

– மேடம்.

– சரி... எட்டாம் பாடத்த மனப்பாடமாச் சொல்ல வெச்சேன். அவர் எங்க போனாலும் அதத்தான் கேக்குறாருன்னு பக்கத்துப் பள்ளியில சொன்னாங்க. உங்க வகுப்பக் கலைச்சிடுவாங்களோன்னு பயம். கோவமா?

– கோவப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? சாயங்காலம் நானும் அதையேதான் சொல்ல வெச்சேன்.

– நீங்களுமா? உங்க முறை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?

– இருந்துச்சு. ஆய்வாளர் வர்றார்னு சொன்னீங்க... போயிடுச்சு.

– நல்லா இருக்கு போங்க... ஆமா, ரெண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக் கொடுத்தும் எறும்புக்கு மட்டும் ஏன் மண்டையில ஏறல?

– அவ இத்தன நாளும் காய்ச்சல்ல படுத்திருந்தா மேடம். இன்னைக்குத்தான் பள்ளிக்கூடம் வந்தா. அந்தப் பாடத்தையே இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்குறா... நம்ம பள்ளிக்கூடத்துல இன்னைக்கு வாசிச்சது அவ ஒருத்திதான்.