கெஞ்சத் தெரிந்த இங்கிலீஷ்

எடப்பாடியிலிருந்து சங்ககிரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்த இளையவள், துண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எனக்கு இங்கிலீஷ்ல கெஞ்ச மட்டுந்தானுங்க்கா தெரியும்" என்றாள். நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"அதென்ன அம்மிணி அப்படி?"

"பாட்டுக் கேட்டுத்தானே கத்துக்கிட்டேன். அத்தனையும் காதல் முறிஞ்சவங்க பாட்டு. தப்பு எம்மேலதான், உட்டுட்டுப் போயிராதே, இன்னொரு தடவை நம்புன்னு ஒரே அழுகாச்சி."

"அதை வெச்சுக்கிட்டு கம்பெனில என்ன பண்ணுவே?"

"போன வாரம் மேனேஜர் லீவுங்க்கா. சரக்கு லேட்டுன்னு வெள்ளைக்காரப் பார்ட்டி போன்ல கத்துறான். பயத்துல பாட்டுல வர்றதையே வரிசையாச் சொல்லிட்டேன். அவன் கத்துறதை நிறுத்திட்டான். அப்பறம் அடுத்த ஆர்டரும் உங்களுக்கேன்னுட்டான்."

மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உம்பட ஊட்டுக்காரரு கோவிச்சுக்கிட்டு அவிங்கம்மா ஊட்டுக்குப் போயி ஒரு மாசமாச்சே. இதையே அவருகிட்டயும் சொல்றது?"

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே."

"தமிழ்ல சொல்லு."

சங்ககிரி வந்துவிட்டது. இளையவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"தமிழ்ல சொன்னா, தப்பு நெசமாவே எம்மேலன்னு ஆயிருமுங்க்கா."