கூடைப் படத்துக்குள் வைத்த குரல்

என்னை எல்லாரும் இஸ்திரி அக்கா என்று கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தொன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மாடி வீட்டில் கணவருடன் குடியிருக்கிறேன். ஒரு தங்கும் விடுதியின் சலவை அறையில் வேலை பார்க்கிறேன். கணினிக் கடையில் திரையை உடைத்தது தொடர்பாகக் காவல் நிலையத்தில் விசாரித்ததில் நானாக முன்வந்து சொல்வதாவது:

எனக்கு ஒரே மகள். தொண்டையில் அறுவை சிகிச்சைக்குப் போகும் முன், இனிப் பேச்சு வருமோ வராதோ என்று தன் கணினியில் எனக்காகப் பேசிப் பதிந்து வைத்தாள். பெரிய பேச்செல்லாம் இல்லை. "அம்மா, மாத்திரை போட்டியா? போட்டேன்னு பொய் சொல்லாத, உன் முழியே காட்டிக் கொடுத்துடும்" என்கிற மாதிரிதான். உள்ளே போனவள் உயிரோடு திரும்பவில்லை. அதன் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் அதைக் கேட்பேன். குரல் கேட்டாலே என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அதன் பிறகு என் கொழுந்தனார் தன் வேலைக்கு அந்தக் கணினியை எடுக்க ஆரம்பித்தார். அவர் கைபட்டு அழிந்துவிடுமோ என்று பயந்து, பேச்சுகளையெல்லாம் திரை ஓரத்தில் இருந்த கூடைப் படத்துக்குள் இழுத்துப் போட்டேன். எங்கள் சலவை அறையில் அழுக்குத் துணி மூட்டையாக வரும். துவைத்து மடித்ததைத்தான் கூடையில் வைப்போம், அதை வேறு யாரும் தொடக் கூடாது. கணினியில் இருந்ததெல்லாம் ஆங்கிலம், எனக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும்.

அதன் பிறகு கூடைக்குள் போய் அமுக்கினால் குரல் வரவில்லை, என்னவோ எழுதிய ஒரு கட்டம்தான் வந்து நின்றது. கொழுந்தனாரைக் கேட்டிருக்கலாம். என் மகள் என்னைத் திட்டுவது இன்னொருவர் காதில் விழ எனக்கு மனம் வரவில்லை. கணினியே தமிழுக்கு மாறிவிட்டால் யார் தயவும் வேண்டாம், நானே வாசித்துத் திறக்கலாம் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் தம்பி, இதில் மொழியை மட்டும் மாற்ற வழியில்லை, முழுவதும் துடைத்துவிட்டுத் தமிழ்ப் பதிப்பைப் புதிதாக ஏற்ற வேண்டும், இருப்பதை முதலில் வேறிடத்தில் எடுத்து வைக்கிறேன் என்றார். ஒன்றுவிடாமல் எடுத்து வைக்கச் சொன்னேன். அவரும் பொறுப்பாகத்தான் செய்தார், நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் எல்லாம் தமிழ். மகளின் புகைப்படங்கள் அப்படியே இருந்தன. கூடைப் படத்தின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசித்தேன். மறுசுழற்சித் தொட்டி என்று இருந்தது. திறந்தேன். காலியாக உள்ளது என்பதும் தமிழில்தான் இருந்தது.

அதன் பிறகு கடைக்கு ஓடினேன். தம்பி மற்ற வேலையைப் போட்டுவிட்டுக் கடை சாத்தும் வரை தேடினார். அதன் பிறகு கையை விரித்து, "அது குப்பைத் தொட்டி அக்கா. குப்பையை யாரும் எடுத்து வைக்க மாட்டாங்களே" என்றார். அவர் தெரியாமல் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் கிடந்த முக்காலியை எடுத்துக் கடையின் திரையில் அடித்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. கண்ணாடி கீறி அவர் கையில் ரத்தம் வந்தது, என் கைக்குட்டையால் கட்டிவிட்டேன். "அதுல என்னக்கா இருந்துச்சு?" என்று அப்போதுதான் கேட்டார். அதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அதன் பிறகு என் கணவர் மாலையில் வெளியே போவதில்லை. வீட்டிலேயே இருக்கிறார்.

எழுத்தர் இதை எனக்கு வாசித்துக் காட்ட வந்தார். தமிழில்தானே இருக்கிறது என்று வாங்கி நானே வாசித்தேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)